தலை எண்ணும் நாள்

உட்காருங்கள். கையை ஆட்டிப் பிரயோசனமில்லை. நாற்காலி தள்ளிக்கொண்டு வந்த அந்தப் பையன் பார்க்கமாட்டான். பார்த்தாலும் வரமாட்டான். இந்த மூலையில் நம்மை வரிசையாக நிறுத்திவிட்டுப் போனால், விமானத்தில் ஆள் ஏற்றும்போதுதான் திரும்பி வருவார்கள். போன தடவையும் இப்படித்தான்.

கால் நன்றாகத்தானே இருக்கிறது உங்களுக்கு? எனக்கும்தான். நாலு மைல் நடப்பேன். யார் போட்டது, மகனா? எனக்கு மகள். டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி என்று போட்டுவிட்டால், அப்பா தொலைந்துபோகாமல் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்று ஒரு கணக்கு. எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே கணக்குதான். இந்த வரிசையைப் பாருங்கள். பாதிப் பேருக்கு மூட்டுவலி, மீதிப் பேருக்குப் பிள்ளைகள். எழுந்து நின்றுதான் பாருங்களேன். ஓடிவந்து உட்காரவைப்பார்கள்.

பெரம்பலூரா? பக்கம்தான். நான் ஜெயங்கொண்டம். கலியபெருமாள். ஒன்றியப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் போகிறீர்கள், நான் திரும்புகிறேன், விமானம் மாறுகிற இடத்தில் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டோம். மிச்சிகனுக்கா? நானும் அங்கிருந்துதான் வருகிறேன். பேரப்பிள்ளை எந்தப் பள்ளி? தெரியாதா? போனவுடன் முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அரசாங்கப் பள்ளியா, அகாடமியா என்று. நம் ஊரில் எந்தக் கட்சி என்று தெரிந்துகொண்டு பேசுகிற மாதிரி அங்கே அதைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும். நான் தெரிந்துகொண்டுதான் பேசினேன். அப்படியும் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

சொல்கிறேன். நாம் எங்கே போய்விடப் போகிறோம்.

மனைவி போன பிறகு மகள் வந்து கூட்டிக்கொண்டு போனாள். வளர்மதி. கம்ப்யூட்டர் வேலை. மாப்பிள்ளைக்கும் அதேதான். இரண்டு பேரும் வீட்டில்தான் இருப்பார்கள், ஆனால் இருக்கமாட்டார்கள். ஆளுக்கொரு அறை, கதவைச் சாத்திக்கொண்டு மீட்டிங். நான் ஹாலில் இருப்பேன். வெளியே வந்தால் புல். புல்லைத் தாண்டினால் ரோடு. ரோட்டில் கார் போகும், மனுஷன் போகமாட்டான். கடைக்குக் கார், கோயிலுக்குக் கார், முடி வெட்டக் கார். நான் சைக்கிள்காரன். இரண்டு வருஷம் அந்த வீட்டில் இருந்தேன். நடந்துபோய்ச் சேரக்கூடிய இடம் என்று எனக்கு அங்கே இருந்தது ஒன்றே ஒன்று. பேத்தியின் பள்ளிக்கூடம்.

வில்மாட் தெருப் பள்ளி. அரசாங்கப் பள்ளி. பேத்தி ஓவியா மூன்றாவது படிக்கிறாள். காலையில் நான்தான் கொண்டுபோய் விடுவேன். விட்டுவிட்டு வாசலிலேயே நிற்பேன். வீட்டுக்கு வந்து என்ன பண்ண? பள்ளி ஆபீஸில் ஒரு அம்மா. டெனிஸ். கனத்த உடம்பு, கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். வருகிற போகிற பிள்ளைகளுக்கெல்லாம் கதவு திறப்பது, வருகைப்பதிவு போடுவது, காய்ச்சல் வந்த பிள்ளைக்கு வீட்டுக்குப் போன் பண்ணுவது எல்லாம் அவள்தான். பனியில் நின்ற என்னைப் பார்த்துவிட்டு ஒருநாள் உள்ளே கூப்பிட்டாள். அப்புறம் என் ஜாதகத்தையே விசாரித்துவிட்டு ஒரு பேட்ஜ் கொடுத்தார்கள். வாலண்டியர். பென்சில் சீவுவேன். படிக்கத் திணறுகிற பிள்ளை பக்கத்தில் உட்காருவேன். வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன். அங்கே ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதற்குப் படம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மாதத்தில் படத்தை நிறுத்தினேன்.

எனக்கு இங்கிலீஷ் வரும். என் இங்கிலீஷ்தான் அவர்களுக்கு வராது. டெனிஸுக்கு மட்டும் வந்தது. அதைச் சொல்லியாக வேண்டும்.

இனி சண்டைக்கு வருகிறேன். ஹாலோவே என்று ஒரு ஆள். வீடுகளுக்கு ஹீட்டர் போடுகிற கம்பெனி வைத்திருப்பவர். நல்ல உயரம், நல்ல சிரிப்பு. அவரும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து அகாடமி என்று ஒன்றைத் திறந்தார்கள். பெற்றவரிடம் காசு வாங்கமாட்டார்கள். பிள்ளை எங்கே போகிறதோ அங்கே அரசாங்கப் பணமும் பின்னாலேயே போகும், அங்கே அப்படி. ரோபோ செய்ய ஒரு அறை, சீன மொழி, வாசலுக்கே பஸ். வில்மாட் தெருவிலிருந்து பிள்ளைகள் கொஞ்சம் கொஞ்சமாக அங்கே போக ஆரம்பித்தன. வகுப்பறைகள் காலியாயின. இனி இந்தக் கட்டடத்துக்கு எதற்குச் செலவு, மூடிவிட்டு மிச்சப் பிள்ளைகளை அடுத்த பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்று பேச்சு வந்தது.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. வீட்டு வாசல் புல்லில் அட்டை குத்திவைத்தார்கள். பச்சை அட்டை என்றால், நம் பள்ளியைக் காப்போம். மஞ்சள் அட்டை என்றால், என் பிள்ளை, என் விருப்பம். எங்கள் வீட்டு வாசலில் மட்டும் வெறும் புல். ஏன் என்று மகளைக் கேட்டேன். இரண்டு பக்கமும் வேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்றாள். அட்டைக்கு வேண்டியவர் வேண்டாதவர் என்ன இருக்கிறது?

செப்டம்பரில் ஒரு கூட்டம். நானும் போனேன். ஒரு தாய் எழுந்து, என் பையனுக்குப் பேச்சு வராது, அகாடமியில் கேட்டேன், இந்தக் குழந்தைக்கு எங்கள் இடம் பொருந்தாது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்கள், வில்மாட் தெருவில் யாரும் அப்படிக் கேட்டதே இல்லை என்றாள். நான் கை தட்டினேன். அப்புறம் நைட் ஷிப்ட் முடித்து நேரே வந்த ஒரு தகப்பன் எழுந்தான். வில்மாட் தெருவில் என் மகன் நாலாவது வரை படித்தான், ஒரு பக்கம் படிக்க வரவில்லை, அகாடமியில் ஆறே மாதத்தில் படிக்கிறான், நான் யாரிடம் விசுவாசமாக இருக்க வேண்டும், கட்டடத்திடமா என் மகனிடமா என்று கேட்டான். அதற்கும் சிலர் கை தட்டினார்கள். அவன் சொன்னது பொய்யில்லை. அது வேற. ஒரு பள்ளிக்கூடம் என்றால் வருகிற பிள்ளையை எல்லாம் சேர்க்க வேண்டும். பொறுக்கி எடுப்பதற்கு அது என்ன ஜவுளிக்கடையா?

நான் ஏன் இவ்வளவு சூடாகிறேன் என்றால், என் பள்ளியும் இப்படித்தான் போயிற்று. கான்வென்ட் வேன் ஊருக்குள் வந்து ஹாரன் அடித்தது. வீடு வீடாகப் பிள்ளைகள் டை கட்டிக்கொண்டு ஏறினார்கள். நான் வாசல் வாசலாகப் போய்க் கெஞ்சினேன். யார் கேட்டார்கள்? நான் ஓய்வு பெற்ற மறு வருஷம் பூட்டிவிட்டார்கள்.

வளர்மதியா? கான்வென்ட்தான். அதே வேனில்தான் போனாள். அது வேற. நன்றாகப் படிக்கிற பிள்ளை, ஒரே பிள்ளை. அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்.

மிச்சிகனில் ஒரு வழக்கம் இருக்கிறது. அக்டோபர் முதல் புதன்கிழமை பள்ளிகளில் தலை எண்ணுவார்கள். அன்றைக்கு எத்தனை பிள்ளை வந்து உட்கார்ந்திருக்கிறதோ, பெரும்பாலான பணம் அந்த எண்ணிக்கைக்குத்தான். அதனால் அன்றைக்கு ஒரு பிள்ளையும் வீட்டில் தங்கிவிடக் கூடாது என்று பள்ளிகள் என்னவெல்லாமோ பண்ணும். பீட்சா போடும், டோனட் கொடுக்கும், தூங்குகிற சட்டையோடு வரலாம் என்று சொல்லும்.

டெனிஸ் இதை எனக்கு விளக்கிச் சொன்னபோது மனசு குளிர்ந்துவிட்டது ஐயா. அந்த ஊரில் அதுவரை எனக்கு ஒன்றுமே புரியவில்லை. இது புரிந்தது. இது ஆண்டாய்வு.

வில்மாட் தெருவுக்கு ஒரு எல்லை போட்டிருந்தார்கள். புதன்கிழமை எண்ணிக்கை அதற்குக் கீழே போனால் பள்ளியை மூடுவது பற்றி, ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கிற போர்டு ஓட்டெடுக்கும். டெனிஸ் திங்கட்கிழமை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். இரண்டு தலை குறைகிறது. இரண்டே இரண்டு.

இதற்கா தலையில் கை என்று நினைத்துக்கொண்டேன்.

நமக்குத் தெரியாததா? கல்வி அதிகாரி, ஏ.இ.ஓ., ஆய்வுக்கு வருகிறார் என்றால் பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து பத்துப் பிள்ளைகளைக் கூட்டிவந்து உட்காரவைப்போம். அவர்களுக்கு ஆய்வு என்றால் நம் பிள்ளைகள் அங்கே போவார்கள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், அன்றைக்குப் பாடம் கிடையாது. ஏ.இ.ஓ.வுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அவரும் எச்.எம்.மாக இருந்து மேலே போனவர்தான். டீ குடிப்பார், ஸ்ட்ரெங்த் சரியாக இருக்கிறது என்பார், எழுதிக்கொண்டு போவார். ஒரு பள்ளிக்கூடம் இன்னொரு வருஷம் உயிரோடு இருக்கும். யாருக்கு என்ன நஷ்டம்?

எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி சுபத்ரா என்று ஒரு பெண். கும்பகோணம். ஆஸ்பத்திரி லேபில் வேலை, விடியும் முன்னே கிளம்பிவிடுவாள். நிகில், அனிகா என்று இரண்டு பிள்ளைகள். போன ஜூன் வரை வில்மாட் தெருவில் படித்தவர்கள், இந்த வருஷம் அகாடமிக்கு மாற்றியிருந்தாள். அகாடமி பஸ் முனைக்கு வரும்வரை அந்த இரண்டு பேரோடு நான் நிற்பேன். என்னிடம் பிள்ளைகளை விட்டால் அவளுக்குக் கவலையில்லை.

இரண்டு பிள்ளைகள். இரண்டு தலை. வேறென்ன யோசிக்க வேண்டும்?

புதன்கிழமை காலை. ஓவியாவையும் சேர்த்து மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பஸ் நிற்கிற முனையைத் தாண்டியதும், தாத்தா, பஸ் அங்கதான் நிக்கும் என்றான் நிகில். இன்றைக்கு உன் பழைய ஸ்கூலில் டோனட் என்றேன். அப்புறம் எனக்கு முன்னால் அவன்தான் நடந்தான்.

டெனிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். திரும்பி வந்துவிட்டார்களா என்று கேட்டாள். வந்துவிட்டார்கள் என்றேன். வந்துதானே நிற்கிறார்கள்? அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் தட்டினாள். பழைய பேர் அதில் இருந்திருக்கும்போல. பிள்ளைகள் பழைய வகுப்புக்கு ஓடிவிட்டார்கள். நான் நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தலை சரியாகிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு அப்படி நிம்மதியாக நான் எங்கும் உட்கார்ந்ததில்லை.

ஒன்று எனக்குத் தெரியாது. அங்கே ஒரு பிள்ளை வராவிட்டால் மிஷினே தாய்க்குப் போன் பண்ணிவிடும். நம் ஊரில் பிள்ளை வரவில்லையென்றால் மாடு மேய்க்கப் போயிருக்கும் என்று விட்டுவிடுவோம். அகாடமியிலிருந்து சுபத்ராவுக்குப் போன் போயிற்று, பிள்ளைகள் இரண்டும் வரவில்லை என்று. அவள் என் மகளுக்கு அடித்தாள். என் மகள் எனக்கு அடித்தாள். என் போன் வீட்டில் சார்ஜரில் கிடந்தது. கிழவனும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. போலீஸ். பஸ் முனையில் நாலு வண்டி. இரண்டு பள்ளிக்கும் கதவைப் பூட்டி, யாரும் வெளியே வரக் கூடாது என்று அறிவிப்பு. டிவிக்காரன் வந்துவிட்டான். கடைசியில் கண்டுபிடித்தபோது நிகிலும் அனிகாவும் வாயெல்லாம் சர்க்கரையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

சாயந்தரம் சுபத்ரா வீட்டுக்கு வந்தாள். லேப் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கத்தவில்லை. "அங்கிள், உங்கள எங்கப்பா எடத்துல வச்சிருந்தேன்" என்றாள். போய்விட்டாள். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். பிள்ளைகளுக்கு ஒரு கீறல் உண்டா? அவர்கள் பழைய பள்ளிக்குத்தானே போனார்கள், பம்பாய்க்கா போனார்கள்?

ஆனால் விஷயம் அத்தோடு நிற்கவில்லை. ஒரே பிள்ளைகளின் பேர் இரண்டு பள்ளிக் கணக்கிலும் இருப்பதைக் கம்ப்யூட்டர் காட்டிக்கொடுத்துவிட்டது. பள்ளியைக் காப்பாற்ற ஆபீஸ் அம்மாவும் வாலண்டியரும் சேர்ந்து பிள்ளைகளைத் திருடினார்கள் என்று பேச்சு. டெனிஸை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விசாரணை. தப்பு என்று தீர்ந்தால் இத்தனை வருஷ வேலை போய்விடும், பள்ளியும் சேர்ந்து போய்விடும். ஒரே வாரத்தில் எங்கள் தெருவில் பச்சை அட்டையெல்லாம் மஞ்சளாயிற்று. ஹாலோவே டிவியில் வந்து, இவர்களிடமா உங்கள் பிள்ளைகளை ஒப்படைக்கிறீர்கள் என்று கேட்டார். நல்ல சிரிப்பு அன்றைக்கு இல்லை.

மகள் மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் பேசினாள். நான்தான் ஆரம்பித்தேன், பள்ளிக்காகத்தானே செய்தேன் என்று.

"எந்தப் பள்ளிக்காகப்பா? உங்க பள்ளில என்னைச் சேத்தீங்களா?"

அது வேற என்றேன்.

"என்ன வேற? நீங்க எச்.எம். ஒங்க பொண்ணே வேன்ல போறா. அப்புறம் எந்த மொகத்தோட அடுத்த வீட்டுக்காரன் பிள்ளையைக் கேப்பீங்க?"

நீ மட்டும் என்ன, வாசலில் ஒரு அட்டை குத்தவில்லையே என்றேன். அப்புறம் சொன்னாள். ஓவியாவுக்கும் அகாடமியில் இடம் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறாளாம். குலுக்கலில் வந்தால் அடுத்த வருஷம் அனுப்புவாளாம். நீங்கள் என்னை ஏன் கான்வென்டில் போட்டீர்களோ அதே காரணம்தான் என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு எழுந்து வெளியே போனேன். போனேன் என்றால் எங்கே? புல் வரைக்கும் போனேன். ஓவியாவை விடுகிற வேலையும் போய்விட்டது. பேட்ஜை வாங்கிக்கொண்டார்கள். பள்ளி வாசலில் காலை வைத்தால் போலீஸைக் கூப்பிடுவார்கள். புல்லில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

அந்த இரண்டு தலையையும் கழித்ததில் எண்ணிக்கை எல்லைக்குக் கீழே போய், போர்டு ஓட்டெடுக்கிற கூட்டம் வந்தது. நான் பேசுகிறேன் என்றேன். செய்தவன் நான், சொல்கிறவனும் நான். டெனிஸுக்கு இதில் ஒன்றும் தெரியாது என்று என் வாயால் சொன்னால் தீர்ந்தது. மகள் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னாள். நான் நடந்தாவது போவேன் என்றேன். அப்படியானால் தமிழில் பேசுங்கள், நான் இங்கிலீஷில் சொல்கிறேன் என்று கூட வந்தாள்.

பெரிய ஹால். ஒரு பக்கம் பச்சைச் சட்டை, ஒரு பக்கம் மஞ்சள் சட்டை. மூன்றாம் வரிசையில் டெனிஸ், கையில் ஒரு கைக்குட்டை. ஆளுக்கு மூன்று நிமிஷம், முடிந்தால் மைக் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும். என் பேரைத் தப்பாகக் கூப்பிட்டார்கள். போனேன். மகள் பக்கத்தில் நின்றாள்.

நன்றாகப் பேசினேன் ஐயா. சும்மா சொல்லவில்லை. நான் தலைமையாசிரியர், இதை நான் தெரிந்தே செய்தேன், என் பள்ளியை வருஷம் வருஷமாக இப்படித்தான் காப்பாற்றினேன், இந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அத்தோடு விடவில்லை. வருஷத்தில் ஒருநாள் தலையை எண்ணிவிட்டு ஒரு பள்ளியை மூடுவேன் என்கிறீர்களே, நான் செய்தது மோசடியா, நீங்கள் செய்வது மோசடியா என்று கேட்டேன். பேச்சு வராத அந்தப் பையனை எங்கே உட்காரவைப்பீர்கள் என்று கேட்டேன். ஊரே தமிழ் தெரிந்த ஊராக இருந்திருந்தால் எழுந்து நின்றிருக்கும்.

முடித்துவிட்டு மகளைப் பார்த்தேன். சொல்லு என்றேன்.

அவள் மைக்கைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இங்கிலீஷில் சொன்னாள். எங்கள் அப்பாவுக்கு ஞாபக மறதி நோய். தான் இன்னும் ஊரில் தலைமையாசிரியராக இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பிள்ளைகளைத் தன் பள்ளிப் பிள்ளைகள் என்று நினைத்துத்தான் கூட்டிப் போனார். பள்ளியில் யாருக்கும் எதுவும் தெரியாது. நாங்கள்தான் அவரைக் கவனித்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும், தப்பு எங்கள் குடும்பத்தின் மேல். மன்னித்துவிடுங்கள்.

எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. சொன்னேனே, எனக்கு இங்கிலீஷ் வரும்.

மஞ்சள் சட்டை போட்ட ஒரு அம்மா அழுதாள். ஹாலோவே தலையைக் குனிந்துகொண்டார். மறுப்பதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. அவ்வளவுதான் காரணம். விளக்கு எரிந்த பிறகு பேசக் கூடாது, அது அங்கே விதி.

மூன்றாம் வரிசையைப் பார்த்தேனா? பார்த்திருப்பேன். நேரே எதிரில்தானே இருந்தது.

ஹாலோவே எழுந்து, இதை வைத்து நான் வாதாட விரும்பவில்லை, எங்கள் வீட்டிலும் அப்பாவுக்கு இப்படித்தான் இருந்தது என்றார். ஓட்டெடுத்தார்கள். ஒரே ஓட்டில் தப்பியது. பள்ளிக்கு ஒரு வருஷம் அவகாசம். டெனிஸ் மேல் விசாரணை மட்டும் பாக்கி, அதுவும் சம்பிரதாயத்துக்குத்தான் என்றார்கள். வெளியே வரும்போது முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். கையைப் பிடித்துப் படி இறக்கிவிட்டார்கள்.

காரில் மகளைக் கேட்டேன், ஏன் இப்படிச் செய்தாய் என்று. "நீங்க சொன்னத அப்படியே சொல்லியிருந்தா டெனிஸ் வீட்டுக்குப் போயிருப்பா, பள்ளியும் போயிருக்கும். எது வேணும் உங்களுக்கு?" என்றாள். இந்தப் பெண்ணை நான்தான் படிக்கவைத்தேன்.

அதற்கப்புறம் நான் மறதிக்காரன். ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. விசாரணை முடியும்வரை மாறவும் முடியாது. மகள் அடுப்புக் குமிழ்களைக் கழற்றிவைத்தாள், யாராவது வந்து பார்த்தால் சரியாக இருக்க வேண்டுமாம். வாசல் கதவைத் திறந்தால் மணி அடிக்கிற மாதிரி ஒன்றை மாட்டினாள். தமிழ்ச் சங்கத்துப் பெண்கள் சாம்பார் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் எதிரில் இருக்கும்போதே, சாப்பிடுறாரா, தூங்குறாரா என்று என் மகளைக் கேட்டார்கள். சுபத்ராகூட வந்தாள். அன்றைக்கு அப்படிச் சொல்லிவிட்டுப் போனதற்கு இப்போது அழுதுவிட்டு, காலைத் தொட்டுக் கும்பிட்டாள். எழுந்து, எனக்கு ஒன்றுமில்லையம்மா, நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்றேன். எல்லா மறதிக்காரர்களும் அப்படித்தான் சொல்வார்களாம். திருச்சியில் என் தங்கை மகன் இருக்கிறான். அவன் வீட்டுக்குத்தான் இப்போது போகிறேன். வாட்ஸ்அப்பில் செய்தி அங்கேயும் எனக்கு முன்னால் போய்விட்டது. மாடியில் அறை ஒழித்து, பால்கனிக்குக் கம்பி போட்டுவைத்திருக்கிறானாம். கம்பி எதற்கு என்றேன். மாமா கீழே விழுந்துடக் கூடாதுல்ல என்கிறான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் டெனிஸ் வந்தாள்.

திங்கட்கிழமை அவளுக்கு விசாரணை. வக்கீல் கேட்கப் போகிறது ஒரே கேள்விதான். இந்த ஆளை இரண்டு வருஷமாகத் தினமும் பார்த்தாயே, மூளை கலங்கியவர் மாதிரி தெரிந்ததா? அவள் மனசில் நான் கலங்கவில்லை. அவளுக்குத்தான் என் இங்கிலீஷே புரிந்ததே. அந்தச் சந்தேகத்தோடுதான் வந்திருந்தாள். அவள் பொய் சொல்லத் தெரியாதவள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளதைச் சொன்னாள் என்றால் எல்லாம் திரும்ப முதலிலிருந்து.

மகள் காபி போட உள்ளே போனாள். டெனிஸ் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். கையைப் பிடித்துக்கொண்டாள். சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்கிற மாதிரி கேட்டாள். என்னை ஞாபகம் இருக்கிறதா?

இல்லை என்றேன்.

என் முகத்தையே பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றினாள். அப்புறம் உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். இப்போது சாதாரணமாகப் பேசினாள், முன்பு பேசுவாளே, அப்படி. சுவருக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். எனக்குத் தெரியும் மிஸ்டர் கே. அந்த இரண்டு பிள்ளைகளும் நிஜமாகத் திரும்பி வரவில்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். குளிர்ச்சட்டை ஜிப் திறந்திருந்தது. உள்ளே அகாடமி யூனிஃபார்ம், அகாடமி முத்திரை. பார்த்துவிட்டுத்தான் கம்ப்யூட்டரில் தட்டினேன். புருஷனிடம் சொல்லவில்லை. சர்ச்சில் சொல்லவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும், உன்னிடம் சொன்னால் பரவாயில்லை என்று தோன்றியது.

நான் அசையவில்லை.

சட்டை. அதை நான் யோசிக்கவே இல்லை ஐயா. நம் ஊரில் எல்லா ஒன்றியப் பள்ளிக்கும் ஒரே யூனிஃபார்ம். எந்த ஊர்ப் பிள்ளையை எந்த ஊரில் உட்காரவைத்தாலும் பொருந்திவிடும். அங்கே பள்ளிக்குப் பள்ளி வேறே.

அடுத்த அக்டோபரிலும் எண்ணத்தான் போகிறார்கள். ஒரு வருஷ அவகாசம்தானே கொடுத்திருக்கிறார்கள். சட்டையை மாற்றிக் கூட்டி வா என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷ அனுபவத்தில் அவளுக்கு நான் கொடுக்கக்கூடியது அந்த ஒரு வார்த்தைதான். நாக்கு நுனியில் நின்றது. மறதிக்காரன் எப்படி யோசனை சொல்வான்?

மகள் காபியோடு வருகிற சத்தம் கேட்டது. டெனிஸ் எழுந்தாள். கைக்குட்டையை எடுத்துக் குனிந்து என் வாயைத் துடைத்துவிட்டாள். வாயில் ஒன்றும் இல்லை. துடைக்கட்டும் என்று இருந்தேன்.